சுவரில் மாட்டிய படகு வீடு

சீமைக்குத் திரும்பிய தோட்டத்துத் துரை, பங்களாவைக் காலி செய்யும்போது என்ன வேண்டும் என்று என்னைக் கேட்டார். நாற்காலி கேட்பேன் என்று நினைத்திருப்பார். நான் சாப்பாட்டு அறையில் தொங்கிய படத்தைக் கேட்டேன். இலங்கை மலையில், கந்தப்பளைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நான்தான் வாத்தியார். எங்கள் குடும்பத்தில் எழுத்துப் படித்த முதல் ஆளும் நான்தான். தேயிலை மலையைத் தவிர வேறொன்றையும் பிள்ளைகளுக்குக் காட்டிவிட வேண்டும் என்று எனக்கு ஒரே பிடிவாதம்.

எண்ணெய்ச் சாயத்தில் தீட்டிய பெரிய படம். கடலோரப் பாறைமேல் ஒரு வீடு. கவிழ்த்துப் போட்ட பெரிய படகுதான் அதற்குக் கூரை. படகின் அடிவயிற்றைத் துளைத்துக்கொண்டு புகைபோக்கி, அதிலிருந்து புகை. வானமோ கரிச்சட்டியின் அடி மாதிரி. ஓர் ஓரத்தில் மட்டும் மின்னல்.

தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தின் கடைசி அறைதான் பள்ளிக்கூடம். சுவரில் ஆணியடித்து மாட்டினேன். மறுநாள் பார்த்தால் சட்டத்தில் குங்குமமும் சாமந்தி மாலையும். பிள்ளைகள் கைகூப்பி நின்றார்கள்.

"இது சாமி இல்லை" என்று சொல்லித் தொலைத்தேன்.

எங்கள் லயங்களில் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினால் சாமியாக இருக்க வேண்டும். இல்லையென்றால் செத்தவராக இருக்க வேண்டும். சாமி இல்லையென்று வாத்தியாரே சொல்லிவிட்டார். அப்படியானால் கவிழ்ந்த படகில் செத்தது யார்? இந்தியாவில் சொந்த ஊருக்குப் போயிருந்த சிலர் அந்த வாரம்தான் கடல் கடந்து திரும்ப இருந்தார்கள். அபசகுனம் என்று பாதிப் பிள்ளைகள் வராமல் நின்றுவிட்டார்கள்.

பெரிய கங்காணி வந்தார். "புள்ளைங்க வரலைன்னா புது துரை பள்ளிக்கூடத்த மூடிட்டு எல்லாத்தையும் புல்லு வெட்ட அனுப்பிருவாரு. படத்தத் தூக்கிக் கடாசுங்க."

நான் கடாசவில்லை. தாய்மாரை வந்து பார்க்கச் சொல்லி அனுப்பினேன்.

மாலையில் பறித்த கொழுந்தை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு வந்தார்கள். முன்னால் நின்றவளின் புருஷன் அக்கரையில் மண்டபம் முகாமில் கப்பலுக்குக் காத்திருந்தான்.

"ஏங்க வாத்தியாரே, எம்புருஷன் வந்து எறங்குறதுக்குள்ள மால போட்டுட்டீங்களே?"

"நான் போடலக்கா. உங்க மகதான் போட்டா."

பின்னால் சிரிப்பு. அவள் சிரிக்கவில்லை. "சொவத்துல தொங்குனா மால போடத்தான் செய்யும். சின்னப்புள்ள வேற என்ன செய்யும்?"

அதில் எனக்கு வழி கிடைத்தது. படத்தைக் கழற்றி, சிலேட்டுகள் அடுக்கியிருந்த மூலையில் தரையோடு சாய்த்து வைத்தேன். மாலையை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். "இப்ப இது சாமியும் இல்ல, செத்தவங்களும் இல்ல. சிலேட்டு மாதிரி இதுவும் படிக்கிற சாமான்."

அவள் குனிந்தாள்; பிறகு உட்கார்ந்தேவிட்டாள்.

"பொக வருதே, உள்ள யாரோ சமைக்கிறாங்களா?"

"ஆமாக்கா. பழைய படகக் கவுத்துப் போட்டுக் குடியிருக்காங்க. யாரும் சாகல."

"நம்ம லயத்த மாதிரி ஒழுகாது போல" என்றாள். இந்தமுறை அவளும் சிரித்தாள். எழுந்திருக்கும்போது விரலை நீட்டினாள். "நாளைக்கு அனுப்புறேன். ஆனா மறுபடி சொவத்துல ஏத்துனீங்க, நானே வந்து ஒடச்சிருவேன்."

மறுநாள் பிள்ளைகள் வந்து படத்தைச் சுற்றிக் குந்தினார்கள். யாரும் கைகூப்பவில்லை. உள்ளே கொதிப்பது சோறா, மீன்குழம்பா என்று ஒரே சண்டை. சண்டையை நான் அடக்கவில்லை. அவரவர் சொல்வதைச் சிலேட்டில் எழுதச் சொன்னேன்.