சுவருக்குள் தீயணைப்பான்

பிள்ளைகளே, எது எங்கே இருக்கிறது என்று காட்டும் சின்ன இங்கிலீஷ் வார்த்தைகளை நான் ஏன் தினமும் உங்களிடம் கேட்கிறேன் தெரியுமா?

நான் முன்பு வேலை பார்த்த கும்மிடிப்பூண்டி கம்பெனியில் ஷிப்ட் தொடங்குமுன் ஒருவர் இங்கிலீஷில் பாதுகாப்புப் பேச்சு பேச வேண்டும். ஒருநாள் என் முறை வந்தது; அன்று நன்றாகப் பேசினால் லைன் லீடர் வேலை எனக்கு. சுவரில் மாட்டிய தீயணைப்பானைக் காட்டி, ‘ஆன்’ என்பதற்குப் பதில் ‘இன் த வால்’ என்றேன். தமிழில் இரண்டும் ‘சுவரில்’தானே!

“சுவத்துக்குள்ள கீதா? ஒடச்சி எடு நைனா,” என்று மேனேஜர் ஒரு சுத்தியலை என் கையில் திணித்தார்.

“அடி மாமே, நெருப்பு புடிச்சிக்கினு எரியுது!” என்று கூட வேலை செய்பவர்கள் கிண்டலாகக் கத்தினார்கள்.

மேனேஜர் என்னைச் சுத்தியலோடு சுவரைப் பார்த்தபடி நிற்க வைத்துவிட்டு, வேறொருவனை லைன் லீடராக்கினார்.

எல்லோரும் டீ குடிக்கப் போனபின் சுவரில் ஓங்கி ஓர் அடி அடித்தேன். கொட்டிய காரையை நானே பெருக்கினேன்.