பெயர் கேட்காமல் எடுத்த படம்

கியூபா போய் வந்ததும், அங்கே எடுத்த படங்களை எங்கள் ஊரான ஊரிகத்தில், மூடிப்போன தங்கச் சுரங்கத்தின் தொழிலாளர்களுக்காக வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் இருப்பவர்களுக்குக் காட்டினேன். ஹவானாவில், காரை உதிர்ந்த வாசலில் ஒரு பெண் சிரித்தபடி நிற்கும் படத்தைப் பக்கத்து வீட்டு செல்வி அக்கா உற்றுப் பார்த்தார்.

"இவங்க பேரு இன்னா?"

"தெரியாதுக்கா. உள்ளே கூப்பிட்டு காபி கொடுத்தாங்க."

"காபி குடிச்சிட்டு பேரு கேக்காம வந்துட்டியா? நம்ம ஊரச் சுத்திப் பாக்க வர்றவங்களும் இப்படித்தான் நம்ம வூட்டுல இடிஞ்ச செவுத்த மட்டும் படம் புடிச்சிட்டுப் போறாங்க."

அக்கா கோபமாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் வெட்கமாகிவிட்டது. அப்படி வருபவர்களை நானே எத்தனை முறை திட்டியிருக்கிறேன்!

ஹவானாவில் நான் தங்கியிருந்த வீட்டுக்காரருக்குப் படத்தை அனுப்பி விசாரித்தேன். மூன்றாம் நாள் பதில் வந்தது. அந்தப் பெண்ணின் பெயர் மரிசோல். பள்ளியில் பாட்டு சொல்லித் தருகிறார். தனக்கும் ஒரு பிரதி கிடைக்குமா என்று தயங்கிக் கேட்டாராம். அவருக்கு ஒரு பிரதி தர வேண்டும் என்று அதுவரை எனக்குத் தோன்றவே இல்லை.