சன்னல் வழியே வந்த தெரு

வேப்பிலையின் கசந்த மணம் நிறைந்த பின்னறையில், உடம்பெல்லாம் அரித்தும் சொறியக் கூடாது என்ற கட்டளையோடு நான் படுத்துக் கிடந்தபோது எனக்குப் பத்து வயது. அந்தக் கோடையில் பாகூரில் எங்கள் தெருவிலேயே முதலில் அம்மை போட்டது எனக்குத்தான். "மூணாவது தண்ணி ஊத்துற வரைக்கும் வாசப்படி தாண்டக் கூடாது" என்று அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

எதிர்வீட்டு ஜெசிந்தா என் வகுப்புத் தோழி. அவளை உள்ளே விடாததால், மூன்றாம் நாள் மதியம் பின்பக்கமாக வந்து சன்னல் கம்பிகளுக்கு நடுவே எதையோ நீட்டினாள். உள்ளங்கை அகலத்தில் ஒரு புத்தகம். துணிக்கடை பாயிடம் கேட்டு வாங்கிய, புதுச் சட்டை மடிப்புக்குள் வைத்து வரும் "சட்டை அட்டை"யை மேலட்டையாக்கி, கல்யாணப் பத்திரிகைகளின் அச்சடிக்காத பக்கங்களை உள்ளே வைத்து, அரிசி மூட்டையில் உருவிய நூலால் தைத்திருந்தாள். கோடுகள் அடுப்புக்கரி, வெயில் மஞ்சள்தூள்.

"இன்னாடி இது?"

"நம்ம தெருடி. நீதான் வெளிய வர முடியாதே."

முதல் பக்கத்தில் பால்காரரின் சைக்கிள் மணியை மாடு நக்கியது. அடுத்த பக்கத்தில், தண்ணீர் லாரியைப் பார்த்துக் குடத்தோடு ஓடிய பெண்களில் என் அம்மா மட்டும் ஒற்றைச் செருப்போடு ஓடினாள். அரிப்பை மறந்து சிரித்தேன். பின்னால் விட்டிருந்த வெற்றுப் பக்கங்களில் நான் வரைந்து தர வேண்டுமாம். எனக்குத் தெரிந்தது கூரைப் பல்லி ஒன்றுதான். அதை வரைந்து கொடுத்தேன். அன்றுமுதல் தினமும் அந்தப் புத்தகம் சன்னல் வழியே போய் வந்தது.

எனக்கு மூன்றாம் தண்ணீர் ஊற்றிய வாரமே ஜெசிந்தாவுக்கு அம்மை போட்டது. என் கைபட்ட புத்தகத்தால்தான் என்று நினைத்து, இரண்டு நாள் சோறு இறங்காமல் கிடந்தேன். மூன்றாம் நாள் அவள் அம்மா பிலோமினா அத்தை எங்கள் வாசலில் வந்து நிற்க, நான் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

"நான்தான் அத்தை அவளுக்கு ஒட்ட வச்சிட்டேன்" என்று அங்கிருந்தே அழுதேன்.

"பைத்தியம், வர்றது வந்துச்சி, அதுக்கு நீ இன்னா பண்ணுவ? உன்னையே கேட்டுனு கீறா. அவளுக்கும் ஒண்ணு செஞ்சி எடுத்துனு வாடி" என்றவர், கிழித்து வைத்திருந்த பழைய காலண்டர் தாள்களை என் கையில் திணித்தார்.

தினமும் நடந்த தெருவை அன்றைக்குத்தான் நின்று பார்த்தேன். அவளிடம் கொண்டுபோக வேண்டுமே! யார் எப்படிக் குனிகிறார்கள், எந்த நாய் எங்கே படுக்கிறது என்று பார்த்துப் பார்த்து, அவள் எழுந்து வரும்வரை வரைந்துகொண்டே இருந்தேன். இன்று ஓவிய ஆசிரியையாக இருக்கிறேன் என்றால், அந்தப் பத்துப் பன்னிரண்டு நாட்களுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

இப்போது கல்யாணப் பத்திரிகைகள் கைப்பேசியில் வருகின்றன. துணிக்கடை இருந்த இடத்தில் மருந்துக்கடை. நான் பத்திரமாக வைத்திருந்த எங்கள் புத்தகங்களையும் போன மழையில் வீட்டுக்குள் புகுந்த தண்ணீர் கூழாக்கிவிட்டது. பிரான்ஸில் இருக்கும் ஜெசிந்தாவிடம் இதைப் போனில் சொன்னேன்.

"போவட்டும்டி" என்றாள் அவள். "நாம எழுந்து வர்ற வரைக்கும் இருந்துச்சே, போதாதா?"