நீலப் பிடியும் நியூட்ரலும்

மட்டாஞ்சேரி பஜார் ஸ்டாண்டில் என் ஆட்டோவைவிடக் குறைவாகப் பெட்ரோல் குடிக்கும் வண்டி கிடையாது. அதில் எனக்குக் கொஞ்சம் திமிரே உண்டு. தோப்பும்படிப் பாலத்தின் உச்சியை எட்டியதும் நியூட்ரலுக்கு மாற்றி எஞ்சினை அணைத்துவிடுவேன். மறுபக்க இறக்கத்தில் வண்டி தானாக உருண்டு போகும். மற்ற டிரைவர்கள் என்னைக் கஞ்சன் சேட்டன் என்பார்கள். சொல்லிவிட்டு அவர்களும் அதையேதான் செய்வார்கள்.

ஏழு மாத வயிற்றோடு மகள் எங்கள் வீட்டுக்கு வந்தபோது கூடவே அவளுடைய லேப்டாப்பும் வந்தது. அதில் விமானம் ஓட்டும் விளையாட்டு ஒன்று இருந்தது. ஒரு மாலை என்னையும் அதன்முன் உட்காரவைத்தாள். சின்ன விமானம், மூக்கில் காற்றாடி. திரையில் ஒரு கறுப்புப் பிடி, ஒரு நீலப் பிடி. கறுப்பு ஆக்சிலேட்டர் என்று புரிந்தது. நீலம் எதற்கு என்றேன்.

"காத்தாடி இறக்கையோட சாய்வெ மாத்தறதுக்கு அப்பா. உங்க கியர்னு வச்சுக்கோங்க. முன்னாடி தள்ளினா ஃபர்ஸ்ட் கியர், ஏத்தத்துக்கு. மேலே போனதும் பின்னாடி இழுங்க, அது டாப் கியர். எண்ணெ கொறச்சு மதி."

எண்ணெய் மிச்சம் என்றதும் எனக்கு விமானமே பிடித்துப்போனது. நாலே நாளில் தேறிவிட்டேன். நீலப் பிடியை இழுத்ததும் உறுமல் அடங்கும். எரிபொருள் முள் அசையாமல் நிற்கும். அதைப் பார்த்துப் பூரித்துப்போவேன்.

"எறங்கறதுக்கு முன்னாடி அதெ முழுசா முன்னாடி தள்ளணும்" என்று அவள் படித்துப் படித்துச் சொன்னாள். "எறங்க முடியலேன்னா திரும்ப மேலே ஏறணுமில்லே?"

இறக்கத்தில் எவனாவது ஃபர்ஸ்ட் கியர் போடுவானா? நான் போடவில்லை. ஒரு நாள் இறங்கும்போது காற்று பக்கவாட்டில் தள்ளி, ஓடுபாதை நழுவிப்போனது. கறுப்புப் பிடியை முழுக்கத் தள்ளினேன். எஞ்சின் முக்கியது, விமானம் ஏறவில்லை. தென்னை மரங்கள் திரை முழுக்க வளர்ந்து வந்தன. விளையாட்டு என்பதே மறந்து, ஐயோ என்று கத்திவிட்டேன்.

மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "டாப் கியர்லெ ஏத்தம் ஏறப் பாத்தீங்களே, நீங்க ஒரு டிரைவராப்பா?" நான் எழுந்துபோய் ஒரு சாயா போட்டுக் குடித்தேன்.

மறுநாள் காலை அவளைப் பரிசோதனைக்காக எறணாகுளம் கூட்டிப்போனேன். பாலத்தின் உச்சி வந்தது. முந்தின நாள் பயம் இன்னும் வயிற்றில் இருந்தது; கைக்கு அது எட்டவில்லை. பழகின கை நியூட்ரலுக்குத் திருகி, எஞ்சினை அணைத்தது.

இறக்கம் முடிந்து சமதளத்துக்கு வந்தபோது முன்னால் போன பஸ் சட்டென்று நின்றது. பிரேக்கை மிதித்து நிறுத்தினேன். கண்ணாடியில் ஒரு கன்டெய்னர் லாரி, ஹார்னை விடாமல் அடித்தபடி வந்துகொண்டிருந்தது. இடப்பக்கம் ஓர் ஆட்டோ நுழைகிற இடம் இருந்தது. ஓர் இழுப்பு போதும். சாவியைத் திருகினேன். எஞ்சின் முக்கியது, பிடிக்கவில்லை. மறுபடி திருகினேன். லாரியின் முகம் கண்ணாடியில் வளர்ந்துகொண்டே வந்தது. பின்னால் என் பிள்ளை, அவளுக்குள் ஒரு பிள்ளை.

லாரி நின்றது. எங்கள் பின்கம்பியைத் தொட்டும் தொடாமலும் நின்றது. லாரிக்காரர் மேலிருந்து மலையாளத்தில் என் குலத்தையே இழுத்தார். வழக்கமாக ஒன்றுக்கு இரண்டாகத் திருப்பிக் கொடுக்கிறவன் நான்; அன்று மகளைத்தான் திரும்பிப் பார்த்தேன்.

மகள் சிரிக்கவில்லை. இரண்டு கையாலும் வயிற்றைத் தாங்கிக்கொண்டு கீழே இறங்கினாள்.

"நான் நடந்து வரேன்."

"ஆஸ்பத்திரி எம்புட்டு தூரம்! ஏறிக்கோ மோளே."

"எனக்கு உங்க வண்டியிலெ ஏறப் பேடியா இருக்கு அப்பா."

இருபது வருஷமாக ஊரையே ஏற்றி இறக்கியவன் நான். என் மகளுக்கு என் வண்டியில் ஏறப் பயம். லாரி இடித்திருந்தால்கூட இப்படி வலித்திருக்காது.

எஞ்சின் இப்போது ஒரே திருகில் பிடித்தது. ஃபர்ஸ்ட் கியரில் போட்டு, அவள் நடைக்குச் சமமாக ஓரமாகவே ஓட்டினேன். பின்னால் வந்தவர்கள் திட்டிக்கொண்டே தாண்டிப் போனார்கள். எஞ்சின் கதறியது, பெட்ரோல் குடித்தது. குடிக்கட்டும் என்று விட்டேன். அவள் ஒருமுறை திரும்பி, கியர் பிடித்திருந்த என் இடது கையைப் பார்த்தாள்.

"ஃபர்ஸ்ட்லெதான் இருக்கு மோளே" என்றேன்.

அடுத்த பஸ் ஸ்டாப் வந்த பிறகுதான் அவள் ஆட்டோவில் ஏறினாள்.