நீலம் வராத குழாய்

“14-7-69, திங்கள். சீரம் அமைலேஸ், அவசரம். இருமுறை செய்தது.” என் பழைய டயரியில் அன்றைக்கு இவ்வளவுதான் இருக்கிறது. ஏன் இருமுறை என்று எழுதவில்லை. எழுதக் கூச்சமாக இருந்திருக்கும்.

தாம்பரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் அப்போது நான் லேப் டெக்னீஷியன். கூட வேலை செய்தவர் விடுப்பில் போய்ப் பதினோரு நாள். அவர் வேலையையும் சேர்த்துப் பார்த்து, அலுப்பு எலும்பு வரை இறங்கியிருந்தது.

காலை ஒன்பதரைக்குக் கூடுவாஞ்சேரியிலிருந்து ஞானமுத்து என்ற பள்ளி ஆசிரியரை வாடகைக் காரில் கொண்டுவந்தார்கள். மேல்வயிற்றில் பிடித்த வலி முதுகு வரை போயிருந்தது. ஓயாத வாந்தி. வயிறு பலகை மாதிரி இறுகிக் கிடந்தது. அல்சர் வெடித்திருந்தால் உடனே திறந்து தைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆள் பிழைக்கமாட்டார். கணையம் வீங்கியிருந்தால் அந்த நிலையில் கத்தி வைப்பதே ஆபத்து. எக்ஸ்ரேயில் அல்சர் வழியே வெளியேறிய காற்று தெரியவில்லை. வெடித்தும் சிலருக்குத் தெரியாது. ஆகவே தியேட்டரைத் தயாராக வைத்துவிட்டு, சர்ஜன் என் ரிப்போர்ட்டுக்காகக் காத்திருந்தார்.

சோதனை எளிது. ஸ்டார்ச் கரைசலில் நோயாளியின் ரத்தத்திலிருந்து பிரித்த சீரத்தைச் சேர்த்து வெதுவெதுப்பான வாட்டர் பாத்தில் அரை மணி வைத்து, அயோடின் விட வேண்டும். ஸ்டார்ச் மிஞ்சியிருந்தால் நீலம் வரும். கணையம் கெட்டு ரத்தத்தில் அமைலேஸ் என்ற என்சைம் ஏறியிருந்தால் அது ஸ்டார்ச்சைத் தின்றுவிடும், நீலம் வராது.

வரவில்லை. “ரொம்ப ஹை சார்” என்று சொன்னேன். சர்ஜன் ஆபரேஷனை நிறுத்தினார்.

திரும்பி வந்து கழுவ எடுத்தபோதுதான் அளவெடுக்கும் கண்ணாடிக் குழலை, பிப்பெட்டைப் பார்த்தேன். வாயால் உறிஞ்சித்தான் அப்போது அளப்போம். எச்சில் இறங்காமலிருக்க மேல்முனையில் பஞ்சு அடைப்போம். அன்று பஞ்சு இல்லை. எச்சிலிலும் அமைலேஸ் உண்டு. ஒரு துளி போதும், நீலம் போய்விடும். சீரம் சேர்க்காத பிளாங்க் குழாய் ஒன்றைப் பக்கத்தில் வைத்திருந்தால், அதில் நீலம் வருகிறதா என்று பார்த்து ஓரளவாவது தெரிந்திருக்கும். அவசரமென்று அதையும் விட்டிருந்தேன்.

சர்ஜன் அறை முப்பதடி தூரம்தான். போய்ச் சொன்னேன். அவர் திட்டவில்லை.

“எவ்ளோ நேரம் ஆகும்?”

“நாப்பது நிமிஷம் சார்.”

“அது வரைக்கும் அவர் தாங்கணும். போய்யா.”

புதுக் கரைசல், பஞ்சு அடைத்த பிப்பெட், பக்கத்தில் பிளாங்க். அதற்குள் வார்டு அட்டெண்டர் மாணிக்கம் இரண்டு தரம் எட்டிப்பார்த்தார். “இன்னா சார், அயோடின ஊத்திட்டு சொல்லேன். தியேட்டர்ல எல்லாரும் கைய கட்டிகினு கீறாங்க” என்றார். நேரமாகாமல் ஊற்றினால் எல்லாமே நீலமாகத்தான் இருக்கும் என்று அவருக்கு விளக்க எனக்குத் தெம்பில்லை.

அவருக்குப் பின்னால் ஆசிரியரின் மனைவி நின்றிருந்தார். மதுவிலக்குக் காலம் அது. கணையம் என்றதும் டாக்டர்கள் முதலில் கேட்பது சாராயத்தைப் பற்றித்தான்.

“சார், குடிச்சீங்களா குடிச்சீங்களான்னு அவர மூணு தடவ கேட்டுட்டாங்க. சர்ச்ல கணக்குப் பாக்கிறவர் சார் அவர். ரத்தத்துல அது தெரிஞ்சிடுமா?”

“இந்த டெஸ்ட்ல தெரியாதும்மா. கணையமா இல்லையான்னு மட்டும்தான் தெரியும்.”

அவர் முகத்தில் வந்தது நிம்மதியா, ஏமாற்றமா என்று எனக்குப் புரியவில்லை.

பிளாங்க் நீலமாயிற்று. ஞானமுத்துவின் குழாயில் நீலம் வரவில்லை. கத்தி வைக்கவில்லை. மூக்கு வழியாக டியூப், டிரிப், வலிக்கு ஊசி என்று பதினாறு நாள் கிடந்து நடந்தே வீட்டுக்குப் போனார்.

முதல் குழாயில் நீலத்தைத் தடுத்தது அவர் ரத்தமா, என் எச்சிலா என்று இனிச் சொல்ல வழியில்லை. முடிவு சரியாக வந்ததால் நான் செய்தது சரியாகிவிடாது. அதன்பின் பிளாங்க் இல்லாமல் ஒரு ரிப்போர்ட்டிலும் கையெழுத்திட்டதில்லை. அலுப்பான நாட்களில் இரண்டு வைத்தேன்.

நோய்க்குக் காரணம் சாராயமா, பித்தப்பைக் கல்லா என்று தெரிய, ஆறு வாரம் கழித்துப் பித்தப்பை எக்ஸ்ரே எடுக்கச் சொல்லி அனுப்பினார்கள். பட்டணத்தில் எடுத்ததாகவும், கல் இருந்ததாகவும் அந்த அம்மாள் சொன்னதாக மாணிக்கம் சொன்னார். படத்தை அவரும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. கல்தான் என்பது இன்றுவரை உறுதி செய்யப்படாத தகவல்.