ஒன்பது அம்புச் சேவல்

ரப்பர் குழாயின் ஒரு முனை இந்துமதியின் பல்லிடுக்கில். மறுமுனை, தீயில் உருளும் கண்ணாடிக் குழாயில். கண்ணாடி இளகியதும் வளைத்து, வளைவு நசுங்கிவிடாமல் மெல்ல ஊதுகிறார். இந்த நேரத்தில் யார் என்ன கேட்டாலும் புருவம்தான் பதில். ஏறினால் உட்காரலாம், இறங்கினால் போய்விட்டு வரலாம். வேலை பழகப் போன எனக்கு முதல் நாள் இறங்கியது.

திருப்பூரில், பனியன் துணி பின்னிக்கொண்டிருந்த ஒரு பழைய ஷெட்டில் அவர் நியான் விளக்கு வளைக்கிறார். எக்ஸ்போர்ட் கம்பெனியில் பதினோரு வருடம், வெளிநாட்டு ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சன்டைசராக இருந்து, வேலையை உதறிவிட்டு வந்தவர். "ஆர்ட்டிஸ்ட்டுங்க" என்றுதான் தன்னைச் சொல்லிக்கொள்வார். "லைட்டுக்காரக்கா" என்று கூப்பிட்டவர்களுக்கு அன்று டீ கிடையாது. பிறந்தநாள் வாழ்த்தைப் பிளாஸ்டிக் பட்டையில் எரியவிடக் கேட்டு வருபவர்களை, "அது எல்.ஈ.டி.ங்க, கடைவீதில மீட்டர் கணக்குல கெடைக்குமுங்க" என்று மரியாதை குறையாமல் வாசல்வரை கொண்டுபோய் விடுவார். ஒரே மாதிரி இரண்டு செய்யமாட்டார். லட்சம் பனியன் ஒரே மாதிரி தைக்கும் ஊரில் இது கொஞ்சம் கொழுப்புதான்.

ஷெட்டின் உரிமையாளர் சுரேந்தர், எக்ஸ்போர்ட்டர். தன் கம்பெனி வரவேற்பறைக்குச் சிவப்பில் ஒரு சேவல் கேட்டார். "சேவலு ஓகே ஆச்சுன்னா ஷெட்டு இன்னும் மூணு வருசம் உங்களுதுங்க்கா. இல்லாட்டி பொங்கலுக்கு நான் தையல் மெசினு எறக்கீருவனுங்க."

சாயத் துணிக்குக் கேட்பதுபோல, முதலில் சிவப்பில் மூன்று ஷேடு சாம்பிள் கேட்டார்.

"குழாய்க்குள்ள அடைக்கிற இந்த நியான் கேஸு ஒரே செவப்புலதான் எரியுமுங்க தம்பி."

"இருக்கட்டுங்க்கா, சிஸ்டம்னு ஒண்ணு இருக்குதில்லீங்க."

ஒரே மாதிரி இரண்டு செய்யாதவர் மூன்று செய்தார். ஏ, பி, சி என்று சீட்டு ஒட்டினார். சுரேந்தர் மாற்றி மாற்றி எரியவிட்டுப் பார்த்தார். "ஏ கொஞ்சம் டல்லுங்க. பி கரெக்ட்டு" என்று பி-யின் சீட்டில் கையெழுத்துப் போட்டார்.

நான்கு மாதத்தில் சேவல் தயாரானது. கம்பெனியிலிருந்து தரம் பார்க்கும் பெண் சித்ரகலா வந்தார். பனியனில் குறை உள்ள இடத்தைக் காட்ட ஒட்டுவார்களே, அந்தக் குட்டி அம்பு ஸ்டிக்கர்கள் கையில் இருந்தன. டேப்பால் அளந்து அளந்து சேவல்மேல் ஒன்பது அம்பு ஒட்டினார். "வாலு லெஃப்டும் ரைட்டும் மேட்ச் ஆவலீங்க."

"கையில வளைச்சது கண்ணு. கை அப்படித்தான் போவும்."

"டாலரன்ஸ் அஞ்சு எம்எம்தானுங்க்கா, அதுக்கு மேல வித்தியாசம் ஆவாதுங்க."

இந்துமதியின் முகம் சிறுத்துப்போனது. எனக்கே அந்தப் பெண்ணின் கையைத் தட்டிவிடலாம் போல ஆத்திரம் வந்தது. அதற்குள் சுரேந்தர் வந்துவிட்டார். அவரே சுவிட்சைப் போட்டார். சேவல் அம்புகளோடு சிவந்து எரிந்தது. வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பனியனில் குறை பார்க்கும் செக்கிங் டேபிள் பக்கம் அவர் போய் எத்தனை வருடமோ தெரியவில்லை.

"இந்த அம்பெல்லாம் யாரு ஐடியாங்க்கா? சண்டைக்குக் கெளம்புன மாரியே இருக்குதுங்க. ஒண்ணையும் எடுத்துராதீங்க. ஷெட்டு உங்களுதுங்க."

சித்ரகலா குனிந்து டேப்பைச் சுருட்டினார். சுரேந்தரின் கார் தெருமுனை திரும்பும்வரை இந்துமதி வாசலில் நின்றார். பிறகு சுவிட்சை அணைத்தார். இரண்டடி பின்னால் போய்த் தலையைச் சாய்த்துச் சேவலைப் பார்த்தார். கிட்டே வந்து, கொண்டையோரம் இருந்த அம்பை நகத்தால் பெயர்த்து, அரை அங்குலம் கீழே இறக்கி ஒட்டினார்.