பத்துப் பேருக்கும் ஒரே விரல்

என் நைனாவும் அம்மாவும் திருப்பாலைவனம் பக்கம் அடுத்தவர் வயலில் நடவு நட்டு, களை பறித்து என்னை வளர்த்தவர்கள். வயல்கள் மனைகளானதும் அம்மாவின் நடவுக் கூட்டத்துப் பெண்கள் பழவேற்காடு ஏரியில் இறங்கிவிட்டார்கள். வலையும் கிடையாது, படகும் கிடையாது. இடுப்பளவு தண்ணீரில் குனிந்து, சேற்றைத் தடவிக் கையாலேயே இறால் பிடிக்க வேண்டும். நிவாரணம் என்று ஏதாவது வந்தால், படகு இருக்கிறதா, வலை இருக்கிறதா என்று கேட்பார்கள். கை இருக்கிறது என்றால் யார் எழுதிக்கொள்வார்கள்? மனு கொடுத்துக் கொடுத்து அலுத்துப்போய்த்தான் சட்டமன்றத் தேர்தலில் சுயேச்சையாக நிற்பதென்று முடிவு செய்தேன். எனக்குக் கோபம் பொசுக்கென்று வரும். நிற்கச் சொன்னது அந்தக் கோபம்தான்.

சுயேச்சைக்குத் தொகுதி வாக்காளர்கள் பத்துப் பேர் முன்மொழிய வேண்டும். நான் கவலையே படவில்லை. அத்தை இருக்கிறாளே! நைனாவின் அக்கா, நடவுக் காலத்திலிருந்தே அந்தப் பத்துப் பேர் கூட்டத்துக்குத் தலைவி. எங்கே இறங்குவது, எப்போது கரையேறுவது என்பதெல்லாம் அவள் சொல்வதுதான். எங்கே கைநாட்டுக் கேட்டாலும் அத்தை ஒருத்தி வைப்பாள். பத்துப் பேரும் வைத்த மாதிரிதான்.

வேட்புமனுவை அவளிடம் கொடுத்துவிட்டு மற்ற காகிதங்களுக்காக அலைந்தேன். கடைசி நாள் காலையில் பத்து இடத்திலும் நீல மையோடு கொண்டுவந்தாள். இருவரும் பொன்னேரிக்குப் போனோம். தேர்தல் அதிகாரி தாளைக் கண்ணருகே பிடித்துப் பார்த்தார்.

"என்னம்மா, பத்தும் ஒரே விரல் மாதிரி இருக்கு?"

வெளியே நின்ற அத்தையிடம் ஓடினேன்.

"ஆமா, நான்தான் வச்சேன். இன்னாடி புதுசா கேக்குறே? எப்பவும் எல்லாருக்கும் நான்தானே வெக்கிறேன்!"

கைநாட்டு வைப்பவர்கள் தன் எதிரிலேயே வைக்க வேண்டும் என்று சொல்லி, அதிகாரி புதுத் தாள் கொடுத்தார். மதியம் மூன்று மணிவரை நேரம். ஒரு லோடு ஆட்டோவைப் பிடித்துக்கொண்டு ஏரிக்கு ஓடினோம். அத்தை கரையில் நின்று கத்திய கத்தலில் ஒன்பது பேரும் ஈரப் புடவையோடு வண்டியில் ஏறினார்கள்.

திரும்பியபோது இரண்டு மணி தாண்டிவிட்டது. அறைக்குள் என்னோடு ஒரு நேரத்தில் நான்கு பேரைத்தான் விட்டார்கள். அத்தை முதலில் வைத்தாள். ஒன்பது பேர் முடிந்தபோது மூன்று மணிக்குப் பத்து நிமிடம் இருந்தது. பத்தாவது ஆள் எனக்குச் சித்தி முறை. வாய் திறக்காத மனுஷி. அதிகாரி மைப்பெட்டியை நகர்த்தினார். சித்தி கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"இல்ல சார். நான் வெக்கல."

"இன்னா சித்தி, வெளையாட்டா? மணியைப் பாரு!" என்று கத்தினேன்.

அவள் என்னைப் பார்க்காமல் அதிகாரியிடம் கேட்டாள். "இத்தினி வருஷத்துல என் விரலை இன்னிக்குதான் கேக்குறாங்க. வேணாம்னா இன்னா பண்ணுவாங்க சார்?"

"ஒண்ணும் பண்ண மாட்டாங்கம்மா. உங்க இஷ்டம்."

அப்புறம்தான் என் பக்கம் திரும்பினாள். "உன் மேல ஒண்ணும் இல்ல கண்ணு. எம் பையன் காட்டுப்பள்ளி பக்கம் வேலைக்குப் போறான். வாங்கிக் குடுத்தவரு கட்சிக்காரரு. இந்தத் தாள்ல எம் பேரைப் பாத்தா அவன் பொழப்பு போயிடும். ஒரு வாட்டி வூட்டாண்ட வந்து கேட்டிருந்தா அப்பவே சொல்லியிருப்பேன். நீயும் வேற ஆளைப் பாத்திருப்பே."

எங்களை யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை என்று ஊரெல்லாம் பேசத்தானே கிளம்பினேன்? நானும் கேட்கவில்லை. அது உறைத்தபோது அவமானமாக இருந்தது. வேறு ஆளைத் தேட நேரமில்லை; மூன்று மணிக்குக் கதவைச் சாத்திவிட்டார்கள். வழியெல்லாம் அத்தை சித்தியைத் திட்டித் தீர்த்தாள். "வுடு அத்தை, தப்பு என்னுது" என்று சொல்லும்போதே அழுதுவிட்டேன். ஐந்து வருஷம் போச்சே என்கிற அழுகையும் அதில் இருந்தது.

அடுத்த தேர்தலுக்கு அத்தையிடம் தாளைக் கொடுக்கவில்லை. நானே வீடு வீடாக நடந்தேன். முதலில் சித்தி வீடு. டீ போட்டுக் கொடுத்தாள். கேட்டேன்.

"இப்பவும் முடியாது கண்ணு. பையன் இன்னும் அங்கதான் கீறான்."

"சரி சித்தி."

நிஜமாகவே கோபம் வரவில்லை. டம்ளரை வைத்துவிட்டு எழுந்தேன். படலைத் தாண்டுவதற்குள் சித்தி பின்னாலேயே வந்தாள்.

"தெருக்கோடி வூட்டுல புதுசா கட்டிக்கினு வந்த பொண்ணு ஒண்ணு கீது. அதை யாரும் ஒண்ணும் கேக்குறதில்ல. போய்க் கேளு."

போனேன்.